சாய்ஸில் விட்ட ஐந்தாவது யூனிட்

பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது எதைப் படிக்க வேண்டும் என்பதை அல்ல, எதைப் படிக்கவே வேண்டாம் என்பதை. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து யூனிட். பரீட்சையில் எட்டுப் பெரிய கேள்வி வரும், அதில் ஐந்து எழுதினால் போதும். ஆகவே ஒரு யூனிட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் நூற்றுக்கு நூறு வாங்கலாம். இதற்கு 'சாய்ஸில் விடுவது' என்று பெயர். எந்த யூனிட்டை விடுவது என்று யாரும் தனியாக யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அல்ஜிப்ராவில் மூன்றாவது, மெக்கானிக்ஸில் நான்காவது, ரியல் அனாலிசிஸில் ஐந்தாவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்கள் வீடுகளில் பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும்கூட இவ்வளவு கண்டிப்பு இருந்ததில்லை.

நூலகத்தில் ரியல் அனாலிசிஸ் புத்தகம் ஒரே பிரதிதான் இருந்தது. அதை மூடிவைத்து ஓரத்தைப் பார்த்தாலே எங்கள் படிப்பின் சரித்திரம் தெரியும். முதல் நான்கு அத்தியாயங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். ஐந்தாவது அத்தியாயம் மட்டும் கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் வெள்ளையாக இருக்கும். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போவேன். எங்கள் துறைக்கு ஆசிரியர் இடம் நான்கு. ஓய்வு பெற்ற இருவரின் இடத்துக்கு ஆள் போடவில்லை. 'அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறோம்' என்ற பதிலைக் கேட்டே மூன்று வருடம் ஓடிவிட்டது. இன்னொருவர் ஆராய்ச்சி விடுப்பில் மதுரையில் இருந்தார். மிச்சம் இருந்தவர் துறைத் தலைவர். அவரைப் பெரிய சார் என்போம். மூன்று வருடத்து வகுப்புகளையும் அவர் ஒருவரே இழுத்துக்கொண்டு ஓடினார். ஒரு வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்த் தேற்றம் நடத்துவார், நடுவில் திரும்பி வந்து எங்கள் சத்தத்தைத் திட்டிவிட்டுப் போவார்.

பெரிய சார் வகுப்புக்குப் புத்தகம் கொண்டுவர மாட்டார். ஒரு தாள்கூடக் கையில் இருக்காது. சட்டைப் பையிலிருந்து பாதி சாக்பீஸை எடுத்து, விட்ட வரியிலிருந்து ஆரம்பிப்பார். எழுதி முடித்ததும், 'நூத்திப் பன்னெண்டாம் பக்கம், கீழ இருந்து அஞ்சாவது வரி, பாத்துக்க' என்பார். பார்த்தால் சரியாக இருக்கும். தேனியிலிருந்து கம்பம் வரை எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்க் கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் அவர் பெரிய சாரிடம் படித்தவராக இருப்பார். கேட்காமலே 'புத்தகம் தொடாத மனுசன்ல அவரு' என்றும் சொல்வார். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. அதை அவரும் ரசித்தார், மறைத்துக்கொள்ளவில்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருந்தது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனக்குப் புரியாத ஒரு வரியை அவர் கரும்பலகையில் எழுத மாட்டார். நாங்கள் அப்படியில்லை. புரியாததை மட்டும்தான் எழுதினோம் என்றே சொல்லலாம். 'ஆர்பிட்ரரி' என்ற சொல்லை மூன்று வருடம் ஒவ்வொரு நிரூபணத்தின் முதல் வரியிலும் எழுதியிருக்கிறேன். 'எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்பது அதற்குப் பொருள் என்று கடைசி வருடத்தில்தான் தெரிந்தது. தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்துவிட்டு, கல்லூரியில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் பார்த்த பிள்ளைகள் நாங்கள். தேற்றத்தைப் பாட்டுப்போல நெட்டுருப் போடுவோம். எப்ஸிலான் வரும் இடத்தில் ஒரு இழுப்பு, டெல்டா வரும் இடத்தில் ஒரு நிறுத்தம். அந்த ராகம் தப்பினால் வரி தப்பிவிடும்.

மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை ஒன்று ஒட்டினார்கள். கேள்வித்தாளின் அமைப்பு மாறுகிறது, இனி ஒவ்வொரு கேள்வியும் 'இது அல்லது அது' என்று இரண்டு பகுதியாக வரும் என்று இருந்தது. எல்லாக் கேள்விக்கும் சாய்ஸ் என்று நாங்கள் முதலில் குதித்தோம். என் பக்கத்தில் உட்காரும் கம்பத்துக்காரிதான் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அவளுடைய அத்தா ஏலக்காய் வியாபாரி. எந்தத் தாளையும் அடியிலிருந்து படிக்க வேண்டும் என்று அவர் சொல்லி வளர்த்திருந்தார்.

"அடியே, இதுவும் அதுவும் ஒரே யூனிட்ல இருந்து வருதுடி. அஞ்சு யூனிட்டுக்கு அஞ்சு கேள்வி. எங்கன விட்டாலும் இருபது மார்க்கு போச்சு."

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு பாஸும் பெயிலும் அந்த இருபதுக்குள்தான் இருந்தது. எனக்கு எம்.எஸ்சி. போக வேண்டும் என்று ஆசை. ஆனாலும் பயம் உடனே வரவில்லை. பெரிய சார் இருக்கும்போது என்ன பயம்?

மற்றத் தாள்களில் விட்ட யூனிட்டுகளை அவர் ஒவ்வொன்றாக நடத்தினார். அல்ஜிப்ரா மூன்றாவதை நடத்தியபோது கொஞ்சம் தடுமாறினார், மறுநாள் சரிசெய்துகொண்டார். மெக்கானிக்ஸ் நான்காவது சுலபம். பொங்கல் முடிந்து திரும்பியபோது ரியல் அனாலிசிஸில் நான்கு யூனிட் முடிந்திருந்தது. ஐந்தாவது ஆரம்பிக்கும் என்று உட்கார்ந்திருந்தோம். அவர் முதல் யூனிட்டைத் திரும்ப நடத்தினார். அது முடிந்ததும் இரண்டாவதை நடத்தினார்.

"சார், அஞ்சாவது யூனிட்டு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வரும்லத்தா. அஸ்திவாரம் பலமா இருக்கட்டும்."

நான் நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டேன். "பெரிய சார் எடுத்துட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சே" என்றார் நூலகர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டில் அதை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருக்கிறார், பிடி கிடைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தில் இருப்பதை நெட்டுருப் போட்டு வந்து பலகையில் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நாங்களும் எழுதிக்கொண்டிருப்போம், ஒன்றும் ஆகியிருக்காது. அவரால் அது முடியவில்லை.

வேறு ஆளைத் தேடிப் பார்த்தோம். சின்னமனூரில் ட்யூஷன் எடுப்பவரிடம் கேட்டேன், அவர் அதைச் சாய்ஸில் விட்டவர். எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சரும் விட்டவர். கம்பத்துக்காரியின் தெருவில் ஒரு பேங்க் ஆபீசர் இருந்தார், கோல்டு மெடல் வாங்கியவர். அவரும் அதை விட்டுத்தான் மெடல் வாங்கியிருந்தார். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இத்தனை கணிதப் பட்டதாரிகள் இருந்தும் அந்த ஒரு அத்தியாயம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மதிய இடைவேளையில் வகுப்புக்குள் சண்டை வந்தது. கடமலைக்குண்டிலிருந்து வரும் ஒருவன் எங்களோடு படித்தான். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிறவன்.

"நேராப் போயிக் கேட்ருவோம். சார், உங்களுக்குத் தெரியலைன்னா சொல்லிருங்க, மதுரையில போயி யார்ட்டயாவது படிச்சிட்டு வாரோம்னு. இதுல என்ன தப்பு?"

"ஏலே, அப்படி மட்டும் கேட்ட, நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றேன். அவர் வாயால் 'தெரியாது' என்று சொல்வதை நான் கேட்க விரும்பவில்லை. ஓய்வுபெறும் நேரத்தில், அதுவும் நாங்கள் அதைச் சொல்லவைப்பதா? வெளியே போனால் மறுநாள் தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சாகிவிடும். புத்தகம் தொடாத மனுசனுக்குப் பாடமே தெரியாதாம் என்பார்கள். அவரிடம் படித்துவிட்டு அதே யூனிட்டைத் தாங்களும் விட்டவர்களே முதலில் சிரிப்பார்கள்.

வழி கண்டுபிடித்தது கம்பத்துக்காரிதான். மறுநாள் எழுந்து நின்றாள். முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சார், எம்.எஸ்சி. போனா செமினார் எடுக்கணுமாம். எங்களுக்கு போர்டு முன்னால நின்னாலே கை நடுங்குது. ஒரு யூனிட்டை நாங்களே ஆளுக்கு ஒரு பக்கமா எடுத்துப் பழகிக்கிறோம் சார். நீங்க உக்காந்து மார்க்கு மட்டும் போடுங்க."

"எந்த யூனிட்டு?" என்றார் சார்.

"ஏதாவது ஒண்ணு சார். அஞ்சாவதுன்னா இன்னும் ஆரம்பிக்கலை, தோதா இருக்கும்."

சார் அவளைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாங்கள் பதினெட்டுப் பேரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "சரி, எடுங்க. நான் பின்னால உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மறுநாள் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பியிருந்தது. ஜெராக்ஸ் கடையில் அந்த வெள்ளைப் பக்கங்களை நகலெடுத்து ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

முதல் நாள் செமினாரை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. முதல் பக்கம் கிடைத்தவள் அதை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து சார், "அந்த மூணாவது வரி எப்படி வந்துச்சு?" என்றார். அவள் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது வரி வந்ததும் சார் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் மறுபடியும் முதல் வரிக்குப் போனாள். நடுவிலிருந்து தொடங்க அவளுக்குத் தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. மூன்று வருடப் படிப்பும் அப்படித்தான் எங்களுக்குள் ஏறியிருந்தது.

சார் கேட்கும் கேள்விகளில் ஒரு வித்தியாசம் இருந்தது. வழக்கமாக எங்களைச் சோதிக்கக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு இருக்கும், விடை அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். இப்போது அந்தக் குறும்பைக் காணோம். தனக்கு முன்னால் இருந்த பெஞ்சின்மேல் கையை ஊன்றி, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டார். பதில் சொன்னால் தாளில் குறித்துக்கொண்டார். மார்க் போடுகிறார் என்று நாங்களும் வைத்துக்கொண்டோம்.

ஒரு வாரத்தில் கடமலைக்குண்டுக்காரன் முறை வந்தது. 'யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ்' என்பதன் வரையறை அவன் பக்கத்தில் இருந்தது. அதைக் கணிதம் படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடலாம். ஒரு கோட்டில் கணக்கில்லாத புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வரிசை எண்கள் படிப்படியாக ஓர் இலக்கை நெருங்குகின்றன. போதுமான அளவு நெருங்குவதற்கு ஒரு புள்ளிக்குப் பத்துப் படி ஆகலாம், இன்னொன்றுக்கு நூறு படி ஆகலாம். எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து, 'இத்தனையாவது படிக்குள் எல்லாமே நெருங்கிவிடும்' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடிந்தால் அதற்குத்தான் அந்தப் பெயர்.

அவன் எழுதி முடித்தான். சார் கேட்டார்.

"ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண்ணு இருக்குங்கிற. அப்ப அதுல எது பெருசோ அதை எடுத்துக்கிட்டா எல்லாப் புள்ளிக்கும் அது போதும்ல? போதும்னா எல்லாமே யூனிஃபார்ம்தான். தனியா இதுக்கு எதுக்குலே ஒரு பேரு?"

அவன் பக்கத்தைப் பார்த்தான். பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. எங்களைப் பார்த்தான். எங்களிடமும் இல்லை. நியாயமான கேள்வி. அதை இரண்டு மாதமாக அவர் வீட்டில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும் அதேதான். "இது தெரியாம அடுத்த பக்கம் போக வேண்டாம்" என்றுவிட்டார். பரீட்சை கிட்டே வந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னும் பத்துப் பக்கம் கிடந்தது. சிலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எனக்கே சார் மேல் எரிச்சல் வந்தது. எழுதியிருப்பதை எழுதிவிட்டுப் போனால் என்ன, திருத்துகிறவர் என்ன ஏன் என்றா கேட்கப்போகிறார்? ஆனால் அவர் கேட்டாகிவிட்டது. காதில் விழுந்த கேள்வியை விழாததாக ஆக்க முடியவில்லை.

அந்த வாரம் எங்கள் வாய்க்காலில் முறைத் தண்ணீர் விட்டிருந்தார்கள். எங்கள் வயல், வாய்க்கால் முடிகிற கடைமடைக்குக் கொஞ்சம் முன்னால். காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வயல்காரர் வந்து, எல்லாருக்கும் எப்போது பாய்ந்து முடியும் என்று அப்பாவிடம் கேட்டார்.

"தலைமடைக்கு இன்னைக்கே பாஞ்சிரும்ணே. நமக்கு மூணு நாளாவும். கடைமடைக்கு என்னைக்கு வருதோ, அன்னைக்கு எல்லாருக்கும் வந்துட்டதா அர்த்தம்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய சார் கேட்பதும் இதைத்தான். கடைமடையின் நாளை எடுத்துக்கொண்டால் எல்லா வயலுக்கும் அது போதும். அப்பாவும் சாரும் ஒரே கட்சி. அப்படியானால் புத்தகம் ஏன் வேறு மாதிரி சொல்கிறது? பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டு போகும்போது அதையே யோசித்தேன். வாய்க்கால் ஓரத்தில் வயல், அதற்கு அடுத்த வயல், அடுத்த வயல். சின்னமனூர் தாண்டும்போது, கடைமடையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் கணக்குக்காக எனக்கு அப்படி அடித்ததில்லை.

வகுப்பில் என் முறை இல்லை. இருந்தும் எழுந்து பலகைக்குப் போனேன். ஒரு கோடு போட்டு, இது வாய்க்கால் என்றேன். பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"சார், தண்ணி எல்லா வயலுக்கும் ஒரு நாள் வந்துரும். எந்த வயலைக் கேட்டாலும் அதுக்கு ஒரு நாள் சொல்லிறலாம். ஆனா இந்த வாய்க்காலுக்குக் கடைமடைன்னு ஒண்ணு கிடையாது. எந்த வயலை எடுத்தாலும் அதுக்கு அங்கிட்டு இன்னொரு வயல் இருக்கு. அப்ப எல்லாருக்கும் தண்ணி வந்துரும், ஆனா எல்லாருக்கும் வந்துட்ட நாள்னு ஒரு நாளைச் சொல்ல முடியாது சார்."

சார் பெஞ்சை விட்டு எழுந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, ஒன்று என்ற எண்ணை மட்டும் வட்டமிட்டு ஒதுக்கினார்.

"ஒண்ணு கிடையாது. ஒண்ணுக்குக் கீழ உள்ளது மட்டும். பாயிண்ட் ஒன்பதை அதாலயே பெருக்கிக்கிட்டே போ. நூத்துல ஒரு பங்குக்குக் கீழ இறங்க எத்தனை தரம் ஆகும்? கால்குலேட்டர் யாரு வச்சிருக்கது?"

நாற்பத்துச் சொச்சம் என்றான் கடமலைக்குண்டுக்காரன்.

"பாயிண்ட் ஒன்பது ஒன்பது?"

நானூற்றுச் சொச்சம். இன்னொரு ஒன்பது சேர்த்தபோது நாலாயிரத்துச் சொச்சம். சார் நிறுத்தினார்.

"எதை எடுத்தாலும் ஒண்ணுக்கு இன்னும் கிட்டத்துல வேறொரு எண்ணு இருக்கு. அது இன்னும் மெதுவா இறங்கும். பெருசுன்னு ஒண்ணை எடுக்கவே முடியாது. எடுக்கலாம்னு நினைச்சதுதான் தப்பு." பலகையையே பார்த்துக்கொண்டு நின்றவர், எங்களுக்கு முதுகு காட்டியபடியே, "இதைப் போயி இத்தனை வருசம் விட்டிருக்கேன்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. நாங்கள் கேட்காததுபோல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். திரும்பினார். முகம் சாக்பீஸ் பொடியும் சிரிப்புமாக இருந்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் அப்போது வந்த பாசத்தைச் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது என்றால் சிரிப்பீர்கள், எனக்கு அன்று இருபது வயது.

அதன் பிறகு மிச்சப் பக்கங்களைப் பாதி நாங்களும் பாதி அவருமாக முடித்தோம். அவர் நடத்தும்போது கையில் ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு நடத்தினார், இடையில் நின்று, "இரு, இது சரியான்னு பாப்போம்" என்று எங்களையும் சேர்த்து யோசிக்கவைத்தார். ஒரு தேற்றத்தில் நானும் அவரும் எதிரும் புதிருமாக நின்று சத்தமாக வாதாடினோம். கடைசியில் இரண்டு பேரும் தப்பு, கம்பத்துக்காரி சொன்னது சரி. அந்த ஒரு மாதம் போல இன்னொரு மாதம் என் படிப்பில் வரவில்லை. எம்.எஸ்சி.யிலும் வரவில்லை.

யூனிட் முடிந்த அன்று கம்பத்துக்காரி எங்கள் எல்லோரையும் சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். "இது அந்த நாலு சுவத்துக்குள்ளயே கிடக்கட்டும். யாரு கேட்டாலும் சார் நடத்துனாக, நாம படிச்சோம். அம்புட்டுத்தான்." கடமலைக்குண்டுக்காரன்தான் முதலில் சரி என்றான். பஸ்ஸில் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் போர்ஷன் எவ்வளவு ஆகிறது என்று விசாரித்தபோது, "எங்க சார் முடிச்சே ரெண்டு மாசமாச்சு, புத்தகத்தைத் தொடவே இல்லை" என்று கூசாமல் புளுகினோம். அவர்களுக்கு வயிறு எரிந்தது. எங்களுக்குக் குளிர்ந்தது.

பரீட்சையில் அந்த யூனிட்டிலிருந்து வந்தது கிட்டத்தட்ட எங்கள் வாய்க்கால் கணக்குதான். நெட்டுருப் போடாமல் நான் எழுதிய ஒரே விடை அது. நடுவிலிருந்து கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ரியல் அனாலிசிஸில் எங்கள் வகுப்பு முழுக்கத் தேறியது. கம்பத்துக்காரி மட்டும் துணைப்பாடமான இயற்பியலில் கோட்டைவிட்டு, அடுத்த தடவை எழுதி வாங்கினாள். எனக்கு மதுரையில் எம்.எஸ்சி. கிடைத்தது. சார் அதற்கடுத்த வருடம் ஓய்வுபெற்றுப் பெரியகுளத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் புத்தகம் தொடாதவர் என்றே புகழ்ந்தார்கள். நாங்கள் பின்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மற்றவர்களைவிடப் பலமாகக் கைதட்டினோம். அவர் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் என்ற கர்வம் எங்களுக்கு இருந்தது.

சில வருடம் கழித்து, நான் இதே பள்ளத்தாக்கில் வேறொரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜூன் மாதம் துறைக் கூட்டத்தில் யார் யாருக்கு எந்தத் தாள் என்று பிரித்தார்கள். ரியல் அனாலிசிஸ் வந்தபோது எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அங்கே துறைத் தலைவராக இருந்த அம்மா, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், "அஞ்சாவது யூனிட்டும் சேர்த்தா?" என்றார்.

"அதுக்காகத்தான் மேடம்."

நான் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று கேட்டார். சொன்னேன். எந்த வருடம் முடித்தேன் என்றார். அதையும் சொன்னேன். கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனதும் என்னை இருக்கச் சொன்னார்.

"நானும் பெரிய சார்கிட்டப் படிச்சவதான். பேப்பர் திருத்துறதுக்கு நீ முடிச்ச அந்த வருசந்தான் முதல்முதலா மதுரைக்குப் போனேன். சாரும் வந்திருந்தாக. காலையில சீஃப் எக்ஸாமினர் விடைக்குறிப்பை வாசிச்சாரு. அஞ்சாவது யூனிட்டுக்கு மட்டும் புத்தகத்துல பக்க நம்பர் போட்டிருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. இதை எப்படித் திருத்துறதுன்னு ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் சாய்ஸ்ல விட்டு வந்தவகதான, கேட்டா மானம் போயிரும். எனக்கு வேர்த்து ஊத்துது. ஒருத்தர், எழுதியிருந்தா பாதி மார்க் போட்ருவோம்னாரு. சரிதான்னு எல்லாரும் பேப்பர் கட்டைப் பிரிக்கப் போனோம். அப்ப சார் எந்திரிச்சாக."

"என்ன சொன்னாக?" என்றேன்.

"எனக்கும் இது தெரியாதுன்னாக. இத்தனை வருசம் சாய்ஸ்ல விட்டவன் நான், இந்த வருசம் என் பிள்ளைக எனக்கு நடத்துனாக, நான் பின்னால உக்காந்து படிச்சேன்னாக. அம்புட்டுப் பேருக்கும் முன்னால. சீஃபும் சார்கிட்டப் படிச்சவருதான், பதறிப்போயி கிட்ட வந்து, 'சார், இதை நீங்க இங்கன வச்சுச் சொல்லணுமா, இருக்கதுல பாதிப் பேரு உங்ககிட்டப் படிச்சவக'ன்னாரு. சார் அவரைப் பாத்து, 'அதனாலதான்யா சொல்றேன். என்கிட்டப் படிச்சவகளுக்குத்தான இது தெரியாது'ன்னாக. சாக்பீஸ் கேட்டு வாங்கி மத்தியானம் வரைக்கும் நடத்துனாக. நாங்க நோட்ஸ் எடுத்தோம். அதுக்கப்புறந்தான் திருத்த உக்காந்தோம்."

எனக்கு முதலில் வந்தது கோபம். சைக்கிள் ஸ்டாண்டில் சத்தியம் செய்து, பஸ் பஸ்ஸாகப் புளுகி, பொத்திப் பொத்தி வைத்ததை அவர் ஒரே காலையில் கொட்டிக் கவிழ்த்துவிட்டார். அதுவும் விழாவில் நாங்கள் கைதட்டியதற்கு முந்தின வருடமே. மேடையில் உட்கார்ந்து எங்கள் கைதட்டலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் அழுகை வந்தது. மேடம் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் சிலபஸ் தாளைக் குனிந்து படித்தேன்.

"யாரு சார் உங்களுக்கு நடத்துனதுன்னு ஒருத்தர் கேட்டாரு" என்றார் மேடம். "பதினெட்டுப் பேரையும் பேரும் ஊருமாச் சொன்னாக. நம்பர் மட்டும் போட்ட பேப்பர் கட்டுகளுக்கு நடுவுல நின்னுக்கிட்டு. பேரெல்லாம் எனக்கு இப்ப ஞாபகமில்ல. நீ எந்த ஊரு?"

"மார்க்கையன்கோட்டை."

"'அந்த ஊருப் பிள்ளைதான் என் கேள்விக்குப் பதில் சொல்லுச்சு'ன்னாக சார்" என்றார் மேடம்.